பொதுவியலின் எல்லை: ஸ்பெஷல் நாடகமும் கைபேசித் திரையும்

திண்டுக்கல் சமவெளி ஊர்களில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதக் கோயில் திருவிழாக்களை ஒட்டி நிகழும் ஸ்பெஷல் நாடகக் களத்தில் அண்மைக் காலத்தில் ஒரு பொருள் புதிதாகச் சேர்ந்துள்ளது. மேடைக்கு எதிரே, தரையில் அமர்ந்திருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே விட்ட வழியில், ஸ்டாண்டில் நிறுத்தப்பட்ட கேமராதான் அது. சில ஊர்களில் திருவிழாக் குழுவினரே அதற்கு ஆள் அமர்த்துகின்றனர். சில ஊர்களில் யூடியூப் சேனல் நடத்துவோர் தாமே வந்து பதிவு செய்கின்றனர். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நீளும் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ மறுநாளே, சிலபோது அந்நேரமே, ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. நத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரின் நாடகத்தைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவுப் பணி பார்ப்பவரும் சிங்கப்பூரில் கட்டடப் பணியில் இருப்பவரும் காண முடிகிறது.

நாடகம் அரங்கைக் கடந்து பரந்த மக்களிடம் சேரவேண்டும் என்பது நெடுநாளைய விருப்பம். ஆகவே தமிழாய்வுலகம் இம்மாற்றத்தைப் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு நோக்குகிறது. அழியும் கலை பதிவாகிறது, அறியாதோர் அறிகின்றனர், ஆய்வாளருக்குச் சான்று கிடைக்கிறது என்பன அம்மகிழ்ச்சிக்குரிய காரணங்கள். மூன்றும் உண்மையே. எனினும் பார்வையாளர் பெருகும்போது மேடையில் நிற்பவருக்கு, குறிப்பாக ஸ்திரீபார்ட்டாகவும் டான்ஸ் நடிகையாகவும் நிற்கும் பெண்ணுக்கு, நேர்வது என்ன என்னும் வினா இக்கணக்கில் விடுபட்டுவிடுகிறது. எத்துணைப் பேர் காண்கின்றனர் என்பதைப் போலவே, யார் காணலாம் என்பதை முடிவுசெய்பவர் யார் என்பதும் நாடகப் பரவலின் அடிப்படை வினா ஆகும்.

தமிழ் நாடக ஆய்வு அரங்கை அளந்த அளவுக்கு அவையை அளந்ததில்லை. அரங்கேற்று காதை கூறும் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம், மூவகை எழினி ஆகியவை பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தின் ஓர் அலமாரியை நிரப்பும். கூத்தின் இருமைப் பாகுபாடுகளை அடுக்கும் அடியார்க்குநல்லார் தரும் வேத்தியல், பொதுவியல் என்னும் இணை அவற்றோடு ஒப்ப ஆராயப்படவில்லை. வேந்தனுக்கு ஆடுவது வேத்தியல், ஏனையோர்க்கு ஆடுவது பொதுவியல் என்று பொருள் கூறிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் ‘பொது’ என்பது எல்லையற்ற ஒன்றன்று. அதற்கு எல்லை உண்டு. அவ்வெல்லையை வகுப்பவர் உண்டு. இந்த இணையின் ஆழத்தை அறிய ஸ்பெஷல் நாடகத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான அரங்கமும் இல்லை, நிலையான குழுவும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலானோரின் நாடகங்களைப் பயின்ற நடிகர்கள், கம்பெனிகளின் கட்டுக்கோப்பிலிருந்து விடுபட்டுத் தனித்தனியே ஒப்பந்தமாகி ஓர் இரவுக்கு ஒன்றுகூடும் முறையே இது. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்கள் இம்முறையின் முதுகெலும்பு. ஓர் ஊர் வரி பிரிக்கிறது, ஏஜென்ட் வழியே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவராகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறது, நோட்டீஸ் அச்சிடுகிறது. ஒத்திகை என்பது கிடையாது. அன்றிரவு ஒப்பனை அறையில் முதன்முறையாகச் சந்திப்போரும் விடியும்வரை தர்க்கம் பாடி முடிப்பர். அது கூடுவதற்குக் காரணம், கதைப்போக்கும் பாடல் வரிசையும் மட்டுமல்ல, அவையின் குணமும் அவர்கள் அனைவரும் அறிந்த பொதுச்சொத்தாக இருப்பதே.

எனவே ஸ்பெஷல் நாடகத்தை ‘அரங்குக்கு வெளியே’ கொண்டுசெல்வதாகப் பேசுவதே ஒருவகையில் பொருந்தாப் பேச்சு. அது என்றுமே வெளியில்தான் இருந்தது. அதற்கு அரங்கின் சுவர்கள் செய்யும் வேலையை ஊர் என்னும் உறவு செய்துவந்தது. அழைத்தவரே காண்பவர், காண்பவரே கூலி கொடுப்பவர், குறை இருந்தால் விடிந்ததும் கேட்பவரும் அவரே.

ஊடகம் வழியாக இந்நாடகம் ஊரைக் கடந்தது இது முதன்முறையும் அன்று. எஸ். ஜி. கிட்டப்பாவின் மேடைப் பாடல்கள் கிராமபோன் தட்டுகளில் பரவின. தமிழின் தொடக்கக்காலப் பேசும்படங்கள் பல மேடை நாடகத்தின் திரைவடிவங்களே. 1933-இல் வள்ளி திருமணம் திரைப்படமாயிற்று, 1934-இல் எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த பவளக்கொடியே அவர்களது முதற்படமாயிற்று. பின்னர் வானொலி வந்தது, கேசட் வந்தது. இவற்றுக்கெல்லாம் பொதுவாய் ஒன்று இருந்தது: கலைஞர் பதிவுக்கூடத்துக்குச் சென்றார். எதைப் பாடுவது, எதை விடுவது, என்ன ஊதியம் என்பன முன்னரே பேசப்பட்டன. ஊதியம் நியாயமாக இருந்ததா என்பது வேறு கதை. பதிவுக்காகப் பாடுகிறோம் என்னும் அறிதலோடு பாடினர் என்பதே இங்கு நோக்கத்தக்கது. இலண்டன் தேசிய நாடக அரங்கு 2009-இல் தன் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியபோதும் அது நிறுவனமே திட்டமிட்டு, கேமராவின் இடத்தை முன்கூட்டியே வகுத்துச் செய்த ஏற்பாடாகவே இருந்தது. திருவிழாப் பொட்டலின் கேமராவோ ஓர் ஊருக்கென ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை உலகுக்குரியதாக்குகிறது. கலைஞர் அதைப் பெரும்பாலும் மேடையேறிய பின்னரே காண்கிறார்.

இதன் விளைவு நாடகத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவினதாய் இல்லை. வள்ளி திருமணத்தின் இரவை நேரமுறையில் எண்ணிப் பார்த்தால் இது புலப்படும். முதலில் பபூன் வருகிறார்; தனியே பாடி, அவையோடு நேரடியாகப் பேசி, நகைச்சுவைக்கு நிலம் பண்படுத்துகிறார். அடுத்து டான்ஸ் நடிகை வருகிறார். இருவரின் ஆட்டமும் வாக்குவாதமும் நள்ளிரவை எட்டும். அதன் பின்னரே கதை தொடங்குகிறது. நாரதருக்கும் வள்ளிக்கும், பின் வேடனாய் வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் விடியற்காலைவரை செல்கிறது; திருமணம் பொழுது புலரும்போது. பழனியை ஒரு தாலுகாவாகக் கொண்ட இம்மாவட்டத்தில் அத்திருமணக் காட்சியின்போது கும்பிட்டு எழுவோரை இன்றும் காணலாம். முன்னிரவின் இரட்டைப்பொருள் நகையும் விடியலின் வழிபாடும் ஒரே இரவின் இரு முனைகள். ஒன்றைக் கேட்டுச் சிரித்த அவையே மற்றொன்றில் கைகூப்புகிறது. முன்னிரவின் சிரிப்பு அவையில் தகுதி பெறுவது அந்த முழுமையினால்தான்.

இணையத்தில் இந்த முழுமை நிற்பதில்லை. முழு இரவுப் பதிவும் ஏற்றப்படுவது உண்டு. ஆயினும் கைமாறிப் பரவுவது துணுக்கே. துணுக்காவதும் நாரதரின் சொற்போர் அன்று. பபூன்–டான்ஸ் பகுதியின் மூன்று நிமிடம். அதற்கு இடப்படும் தலைப்பும் சிறுபடமும் நாடகத்தைப் பற்றியவையாக இருப்பதில்லை, நடிகையைப் பற்றியவையாக இருக்கின்றன. கீழே வரும் பின்னூட்டங்களின் மொழி ஓர் ஆய்விதழில் எடுத்தாளத் தக்கதன்று.

ஸ்பெஷல் நாடக நடிகையரின் வாழ்வை மதுரையில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005-இல் வெளிவந்த தம் நூலில் இச்சிக்கலின் வேரைத் தொட்டுக்காட்டியுள்ளார். மேடையேறிப் பலர் முன் நிற்பதனாலேயே ‘நாடகக்காரி’ என்னும் இழிபெயரைச் சுமக்க நேரும் பெண்கள், மேடைக்கு வெளியே தம்மை எவ்வாறு மறைத்துக் காத்துக்கொள்கின்றனர் என்பது அவர் ஆய்வின் ஒரு பகுதி. நாடகத்துக்குப் போகும் வழியில் எங்கே நின்று வண்டி ஏறுவது, எவ்வகை வண்டி, யார் உடன் வருவது, பேருந்து நிலையத்தில் எப்படி நிற்பது என்று ஒவ்வொன்றிலும் தெருவின் பார்வையிலிருந்து விலகிநிற்கும் நுட்பங்களை அவர்கள் வளர்த்திருந்தனர். மேடையில் வெளிப்பட நின்ற பெண், சாலையில் வெளிப்படாது சென்றாள். இவ்விரண்டுக்கும் இடையே அவள் வரைந்த கோடே அவளது குடும்பத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் குடியிருக்கும் தெருவையும் தொழிலிலிருந்து பிரித்துக் காத்தது.

அக்கோட்டைத்தான் கேமரா அழிக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து ஊரொன்றில் நள்ளிரவில் ஆயிரம் பேர் முன்னிலையில், பபூனின் சொல்லுக்கு மறுசொல்லாகக் கூறப்பட்ட ஒரு வேடிக்கை, அவ்வூரில் விடியலோடு முடிந்துவிடும். ஊராருக்கு அது டான்ஸ் நடிகை சொன்ன சொல். அவள் வீட்டுப் பெயரோ தெருவோ அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. அதே சொல் துணுக்காகி, அவள் குடியிருக்கும் தெருவின் கைபேசிகளுக்கு வந்து சேரும்போது, அவள் அதை ஆண்டு முழுதும் பகலில் சொல்லிக்கொண்டிருப்பவளாகிறாள். மேடைக் கலைக்கு அவையின் சிறுமை ஒரு குறை என்று எண்ணுவது பார்வையாளர் பக்கம் நின்று நோக்குவோரின் எண்ணம். மேடையில் நிற்கும் பெண்ணுக்கு அவ்வெல்லை வேலியாகவும் இருந்தது. அறிமுகமில்லா வேடனை நோக்கி ஊரும் பேரும் கேட்டுத் தினைப்புனத்து எல்லையில் நிறுத்தும் உரிமை கதையில் வள்ளிக்கு உண்டு. வள்ளியாக நடிப்பவருக்கு அது இல்லை.

சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் ஊமையாக இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே நிகழ்த்துநர் உரிமை 38-ஆம் பிரிவில் இடம்பெற்றது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுநர் மட்டுமன்றிக் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் அச்சட்டத்தின் வரையறையில் நிகழ்த்துநரே. இவ்வுரிமை 50 ஆண்டு நீடிக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 38அ பிரிவு, நிகழ்த்துதலைப் பதிவுசெய்தல், பொதுமக்களுக்குப் பரப்புதல் ஆகியவற்றின் தனியுரிமையை நிகழ்த்துநருக்கு அளிக்கிறது. 38ஆ பிரிவு, தம் பெயர் குறிக்கப்படவும் தம் நற்பெயருக்கு ஊறு செய்யும் சிதைப்பைத் தடுக்கவும் உரிமை தருகிறது. ஆனால் அப்பிரிவின் விளக்கவுரை, தொகுப்புக்காகவோ கால அளவுக்குள் அடக்குவதற்காகவோ ஒரு பகுதியை நீக்குவது மட்டுமே நற்பெயருக்கு ஊறாகக் கருதப்படாது என்கிறது. திரைப்படத் தொகுப்பை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகத் தோன்றும் அந்த ஒரு தொடர், துணுக்கு வெட்டுவோருக்கு வாய்ப்பான வாயிலாகிறது. எட்டு மணி நேரத்தில் மூன்று நிமிடத்தை மட்டும் நிறுத்தி எஞ்சியதை நீக்குவதைக் கால அளவுக்கான நீக்கம் என்று வாதிட இடமுண்டு. நாடகத்தின் இயல்பறிந்தோர் அதைச் சிதைவு என்றே கொள்வர். ஸ்பெஷல் நாடகத்தில் ‘பகுதி’ என்பது என்ன, ‘முழுமை’ என்பது என்ன என்று விளக்கவல்லவர் தமிழ் நாடக ஆய்வாளரே. அவர்கள் இத்துறையில் இதுவரை பேசியது மிகக் குறைவு.

மறுதரப்பையும் நேர்மையாக நோக்கவேண்டும். காணொளியால் பெயர் பெற்றுப் புதிய ஊர்களிலிருந்து அழைப்புப் பெறும் கலைஞர்கள் உண்டு. இளம் ராஜபார்ட்டுகளுக்கும் ஆர்மோனியக் கலைஞர்களுக்கும் இது நோட்டீசைவிட வலிய அறிமுகம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது பங்குனியும் சித்திரையும் முழுதாய்ப் பறிபோயின. ஓர் ஆண்டின் வருவாயைச் சில மாதங்களில் ஈட்டும் தொழிலில் அவ்விழப்பின் அளவைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் இக்கலையைக் கண்முன் நிறுத்தியவை பழைய பதிவுகளே. இன்னொன்று இவற்றினும் வலியது. ‘ஊர்ப்பொது’ என்பது எல்லாரையும் உள்ளடக்கியதாக எக்காலத்தும் இருந்ததில்லை. யாருடைய வரி பெறப்படுகிறது, யார் எங்கே அமர்கின்றனர், யார் தொலைவில் நின்று காண்கின்றனர் என்பவற்றைச் சாதி முடிவுசெய்த ஊர்கள் இச்சமவெளியில் இருந்தன, இருக்கின்றன. நள்ளிரவுக்குமேல் களத்தில் இருக்க முடியாத பெண்களும் உண்டு. கைபேசித் திரை இவர்களுக்கு முன்வரிசையைத் தந்துள்ளது. ஊரின் எல்லையை வேலி என்று போற்றுவோர், அவ்வேலி யார் யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஆகவே கேமராவை அகற்றவேண்டும் என்பது இங்கு வாதமன்று; அது நடக்கக்கூடியதும் அன்று. அழைப்பவரும் கலைஞரும் பேசி முடிவுசெய்யும் பழைய முறைக்குள் கேமராவும் வரவேண்டும் என்பதே வாதம். அட்வான்ஸ் கொடுக்கும்போதே பதிவு உண்டா இல்லையா, எந்தப் பகுதி பதிவாகும், நேரலையா, துணுக்கு வெட்டலாமா, வருவாயில் பங்கு என்ன என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. நாள், ஊர், தொகை ஆகியவற்றை எழுதிக்கொள்ளும் டைரி ஒவ்வொரு கலைஞரிடமும் உள்ளது. அதில் இன்னும் ஒரு வரி சேரவேண்டும். ஆயினும் தனியொரு நடிகை இதைக் கேட்டால் அடுத்த ஊரின் வாய்ப்பு பறிபோகலாம். சங்கம் கேட்டால் அப்படி எளிதில் தள்ள முடியாது. பபூன்–டான்ஸ் பகுதியைப் பதிவிலிருந்து விலக்கும் உரிமை அதில் நிற்கும் இருவருக்கும், அவருள் பெண்ணின் சொல்லுக்கு முதன்மை தந்து, விடப்படவேண்டும். இது நாடகத்தின் அரைப்பங்கை இருட்டடிப்பதாகும் என்று ஆய்வாளர் சிலர் வருந்தலாம். அவ்வருத்தத்துக்கு விடை, அப்பகுதியைக் காண விரும்புவோர் ஊருக்கு வரவேண்டும் என்பதே.

இனித் தமிழாய்வுலகின் பொறுப்பு. 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை நவீனத் தமிழ் நாடக வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது, பேராசிரியர் சே. இராமானுஜத்தின் பெயர் அதனோடு பிணைந்துள்ளது. அடுத்த ஆண்டே மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் தோன்றியது. மரபைத் தேடிய அத்தலைமுறை பெரும்பாலும் தெருக்கூத்தை நோக்கியே திரும்பியது. காந்திகிராமத்தைச் சுற்றிய ஊர்களில் அதே ஆண்டுகளில் இரவிரவாய் நடந்துகொண்டிருந்த ஸ்பெஷல் நாடகம், சினிமாப் பாட்டும் கொச்சையும் கலந்த இடைக்காலச் சரக்காகவே எண்ணப்பட்டது. அம்மதிப்பீட்டின் மிச்சம் இன்னும் உள்ளது. சங்கரதாஸ் சுவாமிகளின் அச்சிட்ட நாடகப் பனுவல் இலக்கியமாகப் பாடத்திட்டத்தில் இடம்பெறும். அதை ஓர் இரவு முழுதும் தர்க்கமாக விரித்துப் பாடுபவர் ‘தகவலாளி’ என்னும் பெயரில் பின்னிணைப்பில் இடம்பெறுவார்.

இணையப் பதிவுகள் வந்தபின் அப்பின்னிணைப்புக்கும் தேவை குறைந்துவருகிறது. களத்துக்குச் செல்லாமலே நூறு நாடகங்களைக் காணலாம் என்னும் வசதி, ஆய்வாளரையும் அழைக்கப்படாத பார்வையாளராக்குகிறது. ஆய்வுக்காகவும் கற்பித்தலுக்காகவும் மட்டும் செய்யும் பதிவு நிகழ்த்துநர் உரிமையை மீறியதாகாது என்று சட்டத்தின் 39-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அவ்விலக்கு ஆய்வாளருக்குத் தரப்பட்ட நம்பிக்கை. அதைப் பெற்ற பல்கலைக்கழகங்கள், சங்கங்களோடு பேசி, முழு இரவுப் பதிவுகளைக் கலைஞரின் ஒப்புதலோடு தொகுத்து, கேட்டு வருவோர்க்கு வளாகத்துக்குள் மட்டும் காட்டும் காப்பகங்களை ஏற்படுத்தலாம். திண்டுக்கல், மதுரைப் பகுதிகளின் தமிழ்த்துறைகளுக்கு இது பெருஞ்செலவுடைய செயலன்று. எத்தனை பேர் காண்கின்றனர் என்னும் எண்ணிக்கையில் அக்காப்பகம் எந்தச் சேனலோடும் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். தாம் எங்கே, யாரால் பார்க்கப்படுகிறோம் என்பதைக் கலைஞர் அறிந்திருக்கும் ஓரிடமாக அது இருந்தால் போதும்.

அதற்கு முன்னரே, அடுத்த ஆய்வேட்டிலேயே செய்யத்தக்கது ஒன்று உண்டு. யூடியூப் பதிவை மேற்கோள் காட்டுங்கால் சேனலின் பெயரையும் இணைய முகவரியையும் மட்டும் தருவதை விடுத்து, ஊர், நாள், நாடகம், நடித்தோர் பெயர், பக்கவாத்தியம் வாசித்தோர் பெயர் என்ற வரிசையில் தரவேண்டும். இதற்கு முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்பெஷல் நாடகத்துக்கும் அச்சிடப்படும் நோட்டீசில் நடிகர்கள் ஒவ்வொருவரின் படமும் பெயரும் ஊரும் இருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்போர் பெயர் இருக்கும். சீன் கட்டுபவர், ஒலி ஒளி அமைப்பவர், ஏஜென்ட் ஆகியோரின் பெயர்களும் இருக்கும். அதே இரவின் காணொளியில் பல நேரம் எஞ்சுவன ஊரின் பெயரும் சேனலின் பெயரும் மட்டுமே.